பரிகாரமா, தண்டனையா?

நான் செய்த தப்புக்கு இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் வேறொருவர் சிலுவையில் இறந்தார், அதனால் என் கணக்கு தீர்ந்தது என்றால், அது எப்படி? கிறிஸ்தவ நண்பர்கள் உள்ள யாருக்கும் இந்தக் கேள்வி ஒருமுறையாவது வந்திருக்கும். மனம் புண்படுமோ என்று கேட்காமல் விட்டிருப்போம். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர்களிலும் பலர் இதை மனதுக்குள் கேட்டுப் பார்த்தவர்கள்தான். பிரசங்கத்தில் கேட்கும்போது கண் கலங்குகிறது. வீட்டுக்கு வந்து, டீ குடித்துக்கொண்டே சாவகாசமாக யோசித்தால் எங்கோ இடறுகிறது.

இடறுகிற இடம் எது என்று முதலில் தொட்டுப் பார்ப்போம். ஒரு நீதிபதி கொலைகாரனை விட்டுவிட்டு, நீதிமன்ற வாசலில் நின்ற அப்பாவியைத் தூக்கிலிட்டால் அவரை நாம் நீதிமான் என்று சொல்ல மாட்டோம். அந்த அப்பாவி தானே முன்வந்து ஒப்புக்கொண்டார் என்றாலும் சொல்ல மாட்டோம். கடவுள் அதையே செய்தால் மட்டும் நீதியாகிவிடுமா? அதோடு இன்னொரு சிக்கல். தண்டனை முழுதாக நிறைவேறிவிட்டது என்றால், அங்கே மன்னிப்புக்கு என்ன வேலை? மன்னித்துவிட்டார் என்றால் தண்டனை எதற்கு?

பலமான கேள்விதான். விசுவாசக் குறைவு என்று இதை ஒதுக்குகிறவர்களுக்குக் கேள்வியின் வயது தெரியாது. கிறிஸ்தவ அறிஞர்களே ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாக இதைக் கேட்டு வருகிறார்கள், நம்மைவிடக் கறாராக. அவர்கள் போன வழியில் நாமும் கொஞ்ச தூரம் நடந்து பார்க்கலாம்.

முதல் அடியிலேயே ஓர் ஆச்சரியம் இருக்கிறது. இயேசுவின் சாவும் உயிர்ப்பும் மனிதனை மீட்டன என்பது எல்லாத் திருச்சபைகளுக்கும் பொதுவான நம்பிக்கை. ஆனால் எப்படி மீட்டன என்பதற்குப் பொதுவான விளக்கம் எதையும் பழைய பொதுச்சங்கங்கள் வகுக்கவே இல்லை. 325-இல் நிசேயாவிலும், 381-இல் கான்ஸ்டாண்டிநோபிளிலும், 451-இல் கால்செதோனிலும் ஆயர்கள் கூடி, இயேசு யார் என்பதற்காக ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டுச் சண்டையிட்டார்கள். கடவுளா, மனிதரா, இரண்டும் என்றால் எப்படி இரண்டும் என்று தீர்த்து எழுதினார்கள். அவர் வந்தது நம் மீட்புக்காக என்று விசுவாச அறிக்கையில் சேர்த்தார்கள். மீட்பின் உள்வேலை என்ன என்ற இடத்தில் நிறுத்திக்கொண்டார்கள். பின்னாளில் சில சபைகள் தங்களுக்குப் பிடித்த விளக்கத்தைத் தங்கள் அறிக்கைகளில் எழுதி வைத்தது உண்டு. அது அந்தந்த வீட்டு ஏற்பாடு.

ஆகவே, இந்தக் கோட்பாடு தர்க்கத்துக்கு ஒத்துவருகிறதா என்று யாராவது கேட்டால், எந்த விளக்கத்தைச் சொல்கிறீர்கள் என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு விளக்கத்தின் மேல் விழுகிற அடி இன்னொன்றைத் தொடாமலேகூடப் போகலாம்.

முதல் நூற்றாண்டுகளில் பலருக்குப் பிடித்திருந்தது கைதி மீட்பு. பாவத்தால் மனிதன் சாத்தானிடம் சிக்கிக் கிடந்தான். கடவுள் தம் மகனையே மீட்புப்பணமாகக் கொடுத்து விடுவித்தார். போர்க்கைதிகளும் அடிமைச் சந்தையும் அன்றாடம் இருந்த ரோமப் பேரரசில் இது யாருக்கும் சட்டென்று புரியும். மாற்கு நற்செய்தியில் இயேசுவே தம் உயிரைப் பலருக்கான மீட்புவிலை என்று பேசுகிறார். நான்காம் நூற்றாண்டில் நிஸ்ஸா நகரின் ஆயர் கிரெகோரி இதை இன்னும் நீட்டினார். இயேசுவின் மனித உடல் தூண்டில் இரை. உள்ளே மறைந்திருந்த தெய்வத்தன்மை முள். சாத்தான் இரை என்று நினைத்து விழுங்கி மாட்டிக்கொண்டான். கதை சுவையாகத்தான் இருக்கிறது. கடவுளை ஏமாற்றுக்காரர் ஆக்கிவிடுகிறதே என்பதுதான் தொந்தரவு.

இந்த வகைப் பேச்சுக்கு முகம் சுளித்தவர், அவரைப்போலவே கப்பதோக்கியாப் பகுதியைச் சேர்ந்த இன்னொரு கிரெகோரி, நசியான்சஸ் ஊர்க்காரர். ஈஸ்டர் உரை ஒன்றில் அவர் கேட்டது ரொம்ப எளிய கேள்வி: பணம் யார் கைக்குப் போனது? கொள்ளைக்காரனான சாத்தானுக்கு என்றால் அதைவிட அவமானம் இல்லை. தந்தைக்கு என்றால், நம்மைப் பிடித்து வைத்திருந்தவர் அவர் இல்லையே! ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போனபோதே வேண்டாம் என்று தடுத்து ஆட்டுக்கடாவைக் காட்டியவர், சொந்த மகனின் ரத்தத்தை விரும்புவாரா? இன்றைக்கு நாத்திகர்கள் கேட்பதில் பாதியை ஓர் ஆயர் பண்டிகைப் பிரசங்கத்தில் கேட்டுவிட்டார்.

கிழக்கே இன்னொரு வழியும் இருந்தது. அலெக்சாந்திரியாவின் அத்தனாசியஸ், பாவம் வெறும் தப்பாக மட்டும் இருந்திருந்தால் வருந்தித் திருந்தினாலே போதும் என்கிறார். ஆனால் அது மனித இயல்புக்குள் சாவையும் சிதைவையும் புகுத்திவிட்டது. வருத்தத்தால் அதை வெளியேற்ற முடியாது. ஆகவே உயிரின் ஊற்றானவர் அந்த இயல்புக்குள்ளேயே இறங்கி, சாவு வரைக்கும் போய், உள்ளிருந்து அதை முறிக்கிறார். ஆர்த்தடாக்ஸ் சபைகள் இன்றும் பெரும்பாலும் இந்தத் திசையில்தான் யோசிக்கின்றன. இதன் நடுவில் நீதிமன்றம் இல்லை. நம்முடைய முதல் கேள்வி இதைக் கிட்டத்தட்ட உரசாமலே போய்விடுகிறது.

அப்படியானால் நீதிமன்றம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலோர் ஒரே ஆளைக் கைகாட்டுவார்கள்: அன்செல்ம். இத்தாலியின் ஆவோஸ்தாவில் 1033-இல் பிறந்தவர், நார்மண்டியில் பெக் மடத்துத் துறவி, 1093 முதல் இங்கிலாந்தின் காண்டர்பரி பேராயர். அரசன் இரண்டாம் வில்லியத்தோடு ஒத்துப்போகாமல் நாட்டைவிட்டு வெளியேறி, 1098-இல் இத்தாலியின் காப்புவா அருகே லிபேரி என்ற மலைக் கிராமத்தில் தங்கியிருந்தபோது, கடவுள் ஏன் மனிதரானார் என்ற கேள்வியையே தலைப்பாக வைத்த லத்தீன் நூலை எழுதி முடித்தார். பாதி எழுதும்போதே யாரோ தனக்குத் தெரியாமல் பிரதி எடுத்துவிட்டதால் அவசரமாக முடிக்க வேண்டியதாயிற்று என்று முன்னுரையில் குறைபட்டுக்கொள்கிறார். எழுதுகிறவர்களின் புலம்பல் அன்றைக்கும் இதுதான்.

தர்க்கத்தை மட்டுமே நம்பி இறங்குகிற நூல் இது. கிறிஸ்துவைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்று வைத்துக்கொள்வோம், அறிவைக் கொண்டே இப்படி ஒருவர் வந்தாக வேண்டும் என்று நிறுவுகிறேன் என்கிறார். நூல் முழுக்க உரையாடல். எதிரே உட்கார்ந்திருப்பவர் போசோ என்ற துறவி, தலையாட்டிக்கொண்டிருக்கிற மாணவர் இல்லை. குற்றவாளியை விடுவிக்க நீதிமானைச் சாகக் கொடுப்பது என்ன நீதி, ஒரு மனிதன் இப்படிச் செய்தால் அவனைக் கண்டிக்க மாட்டோமா என்று கேட்கிறார். நம்முடைய கேள்வியேதான். சும்மா மன்னித்துவிட்டால் என்ன என்பதையும் விடாமல் கேட்கிறார்.

எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்கிற இடம் இங்கேதான் வருகிறது. கொஞ்ச நேரம் இங்கே உட்காருவோம். நமக்கு வர வேண்டிய தண்டனையை இயேசு வாங்கிக்கொண்டார் என்பதே அன்செல்மின் பதில் என்று சுருக்கிச் சொல்லிவிடுகிறார்கள். அவர் சொன்னது அது இல்லை. ஒவ்வொரு பாவத்துக்குப் பின்னாலும் பரிகாரம் வர வேண்டும், இல்லாவிட்டால் தண்டனை வர வேண்டும் என்பதுதான் அவருடைய வாய்பாடு. இது வந்தால் அது வராது. இயேசு செய்தது பரிகாரம் என்கிறார் அவர். அப்படியென்றால் அவர் கணக்கில் சிலுவை தண்டனை நிறைவேறிய இடம் இல்லை, தண்டனைக்குத் தேவையே இல்லாமல் போன இடம்.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு? பக்கத்து வீட்டுப் பெரியவரின் ஸ்கூட்டரை உங்கள் தம்பி கேட்காமல் எடுத்துப் போய், எங்கோ மோதி முன்பக்கத்தை நொறுக்கிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். மெக்கானிக் சொல்கிற தொகையை யாராவது கட்ட வேண்டும், அது கடன். ஆனால் வண்டி சரியானதும் பெரியவர் மனம் ஆறிவிடாது. என்னை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லையே இந்தப் பையன் என்ற குறை நிற்கும். தம்பி நேரில் போய்த் தலைகுனிந்து நிற்க வேண்டும். எடுத்ததற்கு மேலாகவும் ஏதாவது செய்து அவர் மனதைக் குளிர வைக்க வேண்டும். ஒரு மாதம் அவர் வீட்டுக்கு ரேஷன் வாங்கிக் கொடுப்பதாகக்கூட இருக்கலாம். அது பரிகாரம். ஒன்றும் நடக்கவில்லை என்றால் அப்பா பிரம்பை எடுப்பார். அது தண்டனை.

அண்ணனான நீங்கள் இதில் எதைத் தம்பிக்காகச் செய்ய முடியும்? மெக்கானிக் பணத்தைத் தாராளமாக நீங்கள் கட்டலாம். ரூபாய் நோட்டில் பெயர் எழுதியிருப்பதில்லை. பெரியவர் வீட்டுக்கும் அவனோடு போகலாம். அவன் வாயடைத்து நிற்கும்போது நீங்கள் பேசலாம், அவனால் ஆகாததை நீங்கள் செய்து தரலாம். ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதால் அவரும் ஏற்றுக்கொள்வார். ஆனால் அவனுக்கு விழ வேண்டிய பிரம்படிக்கு நீங்கள் கையை நீட்டினால்? பெரியவருக்கு அதில் ஒன்றும் கிடைக்கவில்லை, தம்பிக்கும் உறைக்கவில்லை. உங்கள் கை வீங்கியதுதான் மிச்சம்.

இயேசு நமக்காக இறந்தார் என்று கேட்டதும் நம் மனம் நேரே பிரம்புக்குத் தாவிவிடுகிறது. அன்செல்ம் பேசுவதோ பெரியவர் வீட்டு வாசலில் நடக்கிறதைப் பற்றி. அவர் மேல் எறியப்படும் கல்லில் பாதி ஆள்மாறி விழுகிறது.

இனி அவருடைய சங்கிலியைப் பிடித்துப் பார்ப்போம். கடவுளுக்குத் தர வேண்டியதைத் தராமல் இருப்பதுதான் பாவம். எடுத்ததைத் திருப்பினால் மட்டும் போதாது, செய்த அவமதிப்புக்கும் சேர்த்துத் தர வேண்டும். மனிதனிடம் மேற்கொண்டு தர என்ன இருக்கிறது? அன்பு, கீழ்ப்படிதல், மனவருத்தம் எல்லாம் பாவமே செய்யாதிருந்தாலும் தர வேண்டியவை. பாவத்தின் கனமும் லேசில்லை. இந்தப் பக்கம் பார்க்காதே என்று கடவுள் சொன்ன திசையில், உலகமே அழியாமல் காப்பாற்றுவதற்காக என்றாலும் ஒருமுறை திரும்பிப் பார்க்கலாமா என்று போசோவிடம் கேட்கிறார். போசோ தடுமாறித்தான் கூடாது என்று ஒப்புக்கொள்கிறார். (நானாக இருந்தால் திரும்பிப் பார்த்திருப்பேன்.) ஆக, பரிகாரம் செய்ய வேண்டியவன் மனிதன், செய்ய முடிந்தவர் கடவுள். இரண்டும் ஒருவரிடத்தில் சேர்ந்தால் மட்டுமே வழி பிறக்கும். அந்த ஒருவர் பாவமில்லாதவர் என்பதால் சாக வேண்டிய கடமை அவருக்கு இல்லை. கடமையில்லாததை அவர் மனமுவந்து தந்தார். தந்தை அவரைச் சாகும்படி கட்டாயப்படுத்தவில்லை என்பதுதான் போசோவின் கேள்விக்கு அன்செல்ம் தருகிற பதில். அப்படித் தந்தவருக்குக் கைம்மாறு உண்டு. அவருக்கோ எதுவும் தேவையில்லை. ஆகவே யாருக்காக மனிதரானாரோ அவர்களுக்கு அதைக் கொடுத்துவிடுகிறார்.

இதில் முரண் எதுவும் எனக்குத் தென்படவில்லை. கட்டிய விதம் அழகு என்றே சொல்வேன். ஆனால் ஒழுகுகிற இடம் உண்டு. கடவுளின் மாண்பை உண்மையில் யாராலும் கூட்டவோ குறைக்கவோ முடியாது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். பிறகு ஈடு எதற்கு? சும்மா விட்டுவிட்டால் படைப்பின் ஒழுங்கு குலையும், பாவம் செய்தவனும் செய்யாதவனும் ஒன்றாகிவிடுவார்கள் என்கிறார். லூக்கா நற்செய்தியின் ஊதாரி மகன் கதையில் தந்தை பரிகாரம் எதையும் கேட்கவில்லை. மகன் யோசித்து வைத்திருந்த பேச்சைக்கூட முடிக்க விடாமல் விருந்துக்கு ஏற்பாடு செய்கிறார். ஒழுங்காக இருந்தவனும் ஊதாரியும் ஒன்றா என்று அங்கே கேட்பது மூத்த மகன்தான். அன்செல்மின் வாதம் அவன் வாயில் வந்து உட்கார்ந்துகொள்வது கொஞ்சம் சங்கடமான விஷயம்.

அடுத்த தலைமுறையில் பாரிசின் பேதுரு அபெலார்ட் இந்தக் கணக்கையே தள்ளிவைத்தார். அப்பாவியின் ரத்தத்தை விலையாகக் கேட்பது கொடுமை. சிலுவை கடவுளின் மனதை மாற்றவில்லை, அங்கே தெரியும் அன்பு நம் மனதை மாற்றுகிறது என்று ரோமையர் நிருபத்துக்கு எழுதிய உரையில் வாதிட்டார். கிளேர்வோ மடத்தின் பெர்னார்ட் அவர்மேல் பாய்ந்தார். இதில் பெர்னார்ட் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. எந்தப் பயனும் இல்லாமல் ஒருவர் எனக்காக உயிரை விட்டால், அதில் எனக்குத் தெரிவது அன்பா, விபரீதமா? அந்தச் சாவு ஏதோ ஒன்றைச் சாதித்தால்தான் அது அன்பின் அடையாளமும் ஆகும்.

என் கணக்கில் இந்த விவாதத்தின் நேர்மையான அடியை எடுத்து வைத்தவர் பதின்மூன்றாம் நூற்றாண்டின் தாமஸ் அக்குவினாஸ். கடவுள் நினைத்திருந்தால் எந்தப் பரிகாரமும் இல்லாமல் மன்னித்திருக்கலாம், அதில் அநீதி இருந்திருக்காது என்று அவர் நேராகவே எழுதுகிறார். சட்டத்துக்குக் கட்டுப்பட்ட நீதிபதி குற்றவாளியைச் சும்மா விட முடியாது. ஆனால் தனக்கு இழைக்கப்பட்ட தீங்கைத் தானே மன்னிக்கிறவர் யாருக்கும் அநியாயம் செய்வதில்லை. கடவுளுக்கு மேலே ஒரு சட்டமும் இல்லை. ஆகவே சிலுவை கட்டாயம் இல்லை, பொருத்தம் என்கிறார். இன்னொரு முடிச்சையும் அவர் பிரித்து வைக்கிறார். தண்டனையைத் தண்டனையாகவே பார்த்தால் அவரவர் பாவத்துக்கு அவரவர்தான் படவேண்டும். பரிகாரமாக மனமுவந்து ஏற்கும் துன்பத்தை, அன்பால் ஒன்றாக இணைந்த இன்னொருவர் ஏற்கலாம். கிறிஸ்துவும் அவரைச் சார்ந்தவர்களும் தலையும் உடலும்போல ஒரே ஆள் என்பதால் இது செல்லும் என்கிறார். அந்த ஒன்றிப்பு இருக்கிறதா இல்லையா என்பது தர்க்கத்துக்கு வெளியே இருக்கிற கேள்வி. ஆனால் இருந்தால் மீதி வாதம் நிற்கிறது.

பிரம்பு கைக்கு வந்தது பதினாறாம் நூற்றாண்டில். புராட்டஸ்டண்ட் சீர்திருத்தவாதிகள், குறிப்பாக ஜான் கால்வின், அன்செல்ம் பிரித்து வைத்த இரண்டையும் ஒன்றாக்கினார்கள்: தண்டனையை ஏற்பதே பரிகாரம். கால்வின் ஓர்லேயோனிலும் பூர்ஜிலும் சட்டம் படித்தவர், அது எழுத்தில் தெரிகிறது. இயேசு வழிப்பறிக்காரர் கையிலோ கலவரத்திலோ இறந்திருந்தால் போதாது, நீதிபதி முன் குற்றவாளியாக நின்று தீர்ப்புப் பெற்று இறக்க வேண்டியிருந்தது, அதனால்தான் ரோம ஆளுநன் பிலாத்து என்கிறார். அதே பிலாத்து அவரிடம் குற்றம் காணவில்லை என்றும் சொன்னான். ஆகவே அவர் சுமந்தது பிறர் குற்றம் என்பது தெளிவு என்கிறார். புத்திசாலித்தனமான வாசிப்பு. நம் ஊர்ச் சுவிசேஷக் கூட்டங்களில் பெரும்பாலும் காதில் விழுவது இந்த வடிவம்தான். அதனால்தான் முழுக் கோட்பாடும் இதுவே என்று நினைத்துக்கொள்கிறோம்.

பழைய ஏற்பாட்டுப் பலிகள் இதற்கு ஆதாரம் இல்லையா என்று கேட்பீர்கள். ஏசாயா 53-ஆம் அதிகாரத்தில் பிறர் அக்கிரமத்தைச் சுமக்கும் ஊழியர் வருகிறார். அது கால்வின் பக்கத்துக்குப் பலம். ஆனால் லேவியராகமம் 16-ஆம் அதிகாரத்தின் பாவநிவாரண நாளைப் பாருங்கள். இரண்டு வெள்ளாட்டுக்கடாக்கள். ஒன்றைப் பலியிடுகிறார்கள். பிரதான ஆசாரியன் மக்களின் பாவங்களை அறிக்கையிட்டு எந்தக் கடாவின் தலைமேல் சுமத்துகிறானோ, அது மற்றொன்று. அதை அங்கே வெட்டுவதில்லை, உயிரோடு வனாந்தரத்துக்கு ஓட்டிவிடுகிறார்கள். பாவம் சுமந்த ஆடு வேறு, பலியான ஆடு வேறு. அதே நூலின் 5-ஆம் அதிகாரத்தில், பறவை வாங்கக்கூட வசதியில்லாத ஏழை கொஞ்சம் மாவைப் பாவநிவாரணத்துக்குக் கொண்டுவரலாம் என்று இருக்கிறது. மாவைத் தண்டிக்க முடியாது இல்லையா!

கால்வினின் வடிவத்தைப் பிடித்து உலுக்கியவர் பௌஸ்தோ சோசினஸ், இத்தாலியின் சியெனாவில் பிறந்து போலந்தில் காலம் கழித்தவர். 1594-இல் அச்சான அவரது நூலின் வாதங்களைத்தான் நாம் இன்றும், அவர் பெயர் தெரியாமலே, திருப்பிச் சொல்கிறோம். கடன் அடைந்தது என்றால் மன்னிப்பு இல்லை, மன்னிப்பு என்றால் கடன் அடையவில்லை. பணத்தைப் பிறர் கட்டலாம், சாவைக் கட்ட முடியாது. மனிதனுக்கு வர வேண்டியது நித்திய மரணம் என்றால், மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தவர் அதை எப்படி அனுபவித்தார்? டச்சுச் சட்ட அறிஞர் ஹியூகோ குரோஷியஸ் 1617-இல் பதில் எழுதினார். கடவுளைக் கடன் கொடுத்தவராக நினைத்ததுதான் பிழை, அவர் நாடாள்பவர். சட்டத்தின் மதிப்பு கெடாமல் மன்னிக்க வழி தேடுகிற அரசர் என்றார். அதில் ஒரு பழைய வாசனை அடிக்கிறது: ஊருக்குப் பாடம் புகட்ட ஓர் அப்பாவி. 1793-இல் ஜெர்மன் தத்துவவாதி கான்ட், தார்மீகக் கடன் பணக்கடன்போலக் கைமாற்றக்கூடியதே அல்ல, மனிதனின் கடன்களில் மிகச் சொந்தமானது அதுதான் என்று கதவைச் சாத்தினார்.

கதவைத் திரும்பத் தட்டியவர் கிறிஸ்தவரே இல்லை. பிரின்ஸ்டன் தத்துவப் பேராசிரியர் டேவிட் லூயிஸ் 1997-இல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். கொலைகாரனுக்குப் பதிலாக நண்பன் தூக்குமேடை ஏறுவதை யாரும் நீதி என்று ஏற்க மாட்டோம், சரி. ஆனால் நீதிமன்றம் போடும் அபராதம்? அதுவும் தண்டனைதான், வெறும் நஷ்டஈடு இல்லை. கட்ட வழியில்லாதவனுக்காக நண்பன் பணத்தைக் கொடுத்தால் யாரும் தடுப்பதில்லை, தண்டனை நிறைவேறவில்லை என்று சொல்வதும் இல்லை. பெரிய அபராதம் என்றால் சிறைவாசம் அளவுக்கு வலிக்கும். அபராதத்தைப் பிறர் சுமக்கலாம், சிறையைச் சுமக்கக் கூடாது என்பதற்கு நம்மிடம் தெளிவான காரணம் இருக்கிறதா? கிறிஸ்தவர்கள் இரண்டு மனதாக இருக்கிறார்கள் என்றால் நாமும் அப்படித்தான் என்கிறார். கால்வின் சரி என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் சிரித்து ஒதுக்குகிற உரிமையை அவர் நம்மிடமிருந்து பிடுங்கிவிடுகிறார்.

இன்னொரு படத்தையும் சுவரிலிருந்து இறக்க வேண்டும்: கோபக்காரத் தந்தை, நல்ல மகன், நடுவில் ஒரு பேரம். நிசேயாவின் அளவுகோலை வைத்தாலே இது தவறு. தந்தைக்கும் மகனுக்கும் இரண்டு விருப்பம் கிடையாது. உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கியவர் கிறிஸ்துவுக்குள் இருந்த கடவுளே என்று அப்போஸ்தலர் பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார். ஆகவே தீங்கிழைக்கப்பட்டவரும் பரிகாரச் செலவை ஏற்றவரும் ஒருவரேதான். தனக்குத் தானே கட்டிக்கொள்வது என்ன கணக்கு என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் நம் ஸ்கூட்டர் பெரியவர், போகட்டும் விடு என்று சொல்லித் தன் பணத்தில் வண்டியைச் சரிசெய்துகொண்டால் நடப்பதும் அதுதானே. மன்னிப்பின் செலவை மன்னிக்கிறவர் ஏற்றார். சோசினஸ் எதிரெதிராக நிறுத்திய மன்னிப்பும் செலவும் இங்கே ஒரே கையில் இருக்கின்றன.

இது எல்லாம் நடந்தும் தம்பி வீட்டிலேயே உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தால்? அண்ணன் போய்ச் செய்த பரிகாரம் அவனுக்குச் சேருமா? ஆக்ஸ்போர்டின் ரிச்சர்ட் ஸ்வின்பர்ன் 1989-இல் எழுதிய நூலில் அழுத்துகிற இடம் இது. மனவருத்தத்தையும் மன்னிப்புக் கேட்பதையும் யாரும் நமக்காகச் செய்ய முடியாது. கிறிஸ்துவின் வாழ்வும் சாவும், கையில் ஒன்றுமில்லாத நாம் எடுத்துக் கடவுளிடம் தரும்படி நமக்குக் கொடுக்கப்பட்ட காணிக்கை. எடுத்துத் தந்தால்தான் நம்முடையது. 2018-இல் தத்துவ அறிஞர் எலினோர் ஸ்டம்ப் இன்னும் ஒரு அடி போய், தடை கடவுள் பக்கம் இருந்ததே இல்லை, குற்ற உணர்வாலும் வெட்கத்தாலும் நெருங்க முடியாமல் நிற்கிற மனிதன் பக்கம்தான் இருந்தது என்று வாதிட்டார். எனக்கு இந்தத் திசை பிடித்திருக்கிறது. அப்பாவியைத் தண்டித்த நீதிபதி என்ற கேள்விக்கு இதில் இடமே இல்லை. மீட்க ஒரு வழி வேண்டும் என்றால் ஏன் இந்தக் கோரமான வழி என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

கூடவே இன்னொன்று முளைக்கிறது. எடுத்துத் தந்தால்தான் சேரும் என்றால், இப்படி ஒன்று இருப்பதையே கேள்விப்படாமல் வாழ்ந்து முடிந்தவர்கள் என்ன ஆவார்கள்? சுவிசேஷ சபைகள் பலவற்றில் இதற்குக் கடுமையான பதில்கள் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபை 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ஆவணம் ஒன்றில், அந்தச் சாவிலும் உயிர்ப்பிலும் பங்குபெறும் வாய்ப்பைத் தூய ஆவி எல்லா மனிதருக்கும் தருகிறார் என்று எழுதியது. எந்த வழியில் என்பதைக் கடவுள் அறிவார் என்று விட்டுவிட்டது.